துப்பறியும் பெண்ணும் வாசகர் தீர்ப்பும்: ஒரு நாவல் தலைப்பின் வழியே



பணி ஓய்வுக்குப் பின் நாம் பங்குபெறும் சிறிய வாசகர் வட்டம் ஒன்று உண்டு. மாதத்திற்கு ஒரு நூலைப் படித்து உரையாடுவது அதன் வழக்கம். பெரும்பாலும் தமிழ் நூல்களே; ஆண்டுக்கு ஓரிரு முறை ஆங்கில நூலும் இடம்பெறும். அவ்வாறு ஒருமுறை எடுத்துக்கொண்டது, ஆங்கில எழுத்தாளர் பி.டி. ஜேம்ஸ் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ வுமன்’ என்னும் துப்பறியும் நாவல். இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி தனியார் துப்பறியும் நிலையம் ஒன்றைத் தனியாளாக நடத்த முற்படும் கதை அது.

கதைக்குள் புகுமுன், தலைப்பைத் தமிழில் எவ்வாறு கூறலாம் என்று வட்டத்தாரைக் கேட்டோம். ஒருவர் ‘பெண்ணுக்குத் தகாத வேலை’ என்றார். மற்றொருவர் ‘பெண்ணால் இயலாத வேலை’ என்றார். மூன்றாமவர் ‘பெண்ணுக்குப் பொருந்தாத வேலை’ என்றார். மூவரும் ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான் மொழிபெயர்த்தனர். ஆயினும் மூன்றும் ஒரு பொருளன அல்ல. நான்காவதாக ஓர் அம்மையார் வேறொரு சொல்லைக் கூறினார். அன்று அதனைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கிவிட்டோம். அவ்வாறு ஒதுக்கியது பிழை என்பதை உணரச் சில மாதங்கள் ஆயின. அச்சொல்லை இப்பொழிவின் இறுதியில் எடுத்துரைப்போம்.

முதலில் மூன்று சொற்களையும் நோக்குவோம். ‘தகாத’ என்பது ஒழுக்கத்தையும் மதிப்பையும் சுட்டும் சொல். அவ்வேலையைச் செய்தால் செய்தவளின் பெயர் கெடும் என்பது அதன் குறிப்பு. ‘இயலாத’ என்பது ஆற்றலைச் சுட்டுவது. செய்ய முயன்றாலும் அவளால் முடியாது என்பது அதன் குறிப்பு. ‘பொருந்தாத’ என்பது இரண்டு பொருள்களுக்கு இடையிலான இசைவைப் பற்றியது. சட்டை உடலுக்குப் பொருந்தவில்லை எனில் குறை சட்டையிலும் இருக்கலாம், அளவெடுத்தவர் கையிலும் இருக்கலாம். இலக்கண அமைப்பிலும் வேறுபாடு உண்டு. ‘பெண்ணால் இயலாத’ என்னுமிடத்து மூன்றாம் வேற்றுமை பெண்ணைச் செயல் புரிபவளாகக் காட்டுகிறது. ‘பெண்ணுக்குத் தகாத’ என்னுமிடத்து நான்காம் வேற்றுமை அவளைத் தீர்ப்பைப் பெறுபவளாக நிறுத்துகிறது.

துப்பறியும் கதைகளில் பெண் தோன்றிய நாள்முதல், அவளைப் பற்றி வாசகரும் திறனாய்வாளரும் கூறிவந்த கருத்துகள் இம்மூன்று சொற்களின் வழியே நகர்ந்துள்ளன என்பது நம் கருத்து. அந்நகர்வைக் காலவரிசையில் காண்போம்.

தகாத வேலை: 1864 முதல்

லண்டன் மாநகரக் காவல்துறையில் துப்பறியும் பிரிவு அமைக்கப்பட்டது 1842இல். அக்காவல்துறையில் பெண்கள் ரோந்துப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது 1919இல். இவ்விரு ஆண்டுகளுக்கும் நடுவே, 1864இல், துப்பறியும் பெண்ணைத் தலைவியாகக் கொண்ட இரண்டு நூல்கள் லண்டனில் வெளிவந்தன. ஒன்று, ஆண்ட்ரூ ஃபாரஸ்டர் என்ற புனைபெயரில் வெளியான ‘தி ஃபீமேல் டிடெக்டிவ்’. மற்றொன்று, திருமதி பாஸ்கல் என்னும் பாத்திரத்தைக் கொண்ட ‘ரெவலேஷன்ஸ் ஆஃப் எ லேடி டிடெக்டிவ்’. உலகில் இல்லாத பணியாளரைக் கற்பனை அரை நூற்றாண்டுக்கு முன்னரே பணியில் அமர்த்திவிட்டது எனலாம். அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. சிகாகோவில் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனம் 1856இலேயே கேட் வார்ன் என்னும் பெண்ணை வேலைக்கு எடுத்திருந்தது.

இக்கதைகளில் நம் கவனத்தை ஈர்ப்பது குற்றமன்று. தலைவி தன் தொழிலுக்குச் சொல்லும் காரணமே. ஃபாரஸ்டரின் தலைவி தன் தொழிலை நண்பர்களிடம் மறைக்கிறாள். அவர்கள் அவளைத் தையல் வேலை செய்பவள் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். திருமதி பாஸ்கல் நாற்பதை நெருங்கும் கைம்பெண். கணவர் திடீரென இறந்து வறுமையில் விட்டுச் சென்றதால் இத்தொழிலுக்கு வந்ததாகக் கூறுகிறாள். ஒரு கதையில் தரையடிக் கதவின் வழியே ஏணியில் இறங்க வேண்டி, அக்காலப் பெண்கள் அணிந்த வளையம் வைத்த அகன்ற பாவாடையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்குகிறாள். அவ்வுடை அவள் வேலைக்குத் தடை என்பதை ஆசிரியர் அறிந்தே எழுதியுள்ளார்.

1893இல் ‘லட்கேட் மந்த்லி’ என்னும் லண்டன் இதழில், கேத்தரின் லூயிசா பிர்க்கிஸ் எழுதிய லவ்டே புரூக் கதைகள் வெளிவரத் தொடங்கின; மறு ஆண்டு ஏழு கதைகள் கொண்ட நூலாக வந்தன. லவ்டே முப்பதைச் சற்றே கடந்தவள். செல்வம் இழந்து, சுற்றத்தாரின் மதிப்பையும் இழக்கத் துணிந்து, தனியார் துப்பறியும் நிலையத்தில் சேர்ந்தவள். 1897இல் ஜார்ஜ் ஆர். சிம்ஸ் படைத்த டார்கஸ் டீன், கண்பார்வை இழந்த கணவரைக் காக்க இத்தொழிலை ஏற்கிறாள். 1910இல் பேரனஸ் ஆர்க்சி படைத்த லேடி மாலி, சிறைப்பட்ட கணவர் குற்றமற்றவர் என நிறுவுவதற்காகவே காவல் பணியில் நுழைகிறாள். கணவர் விடுதலையானதும் பணியை விட்டுவிடுகிறாள். அமெரிக்கரான அன்னா கேத்தரின் கிரீன் 1915இல் நூலாக வெளியிட்ட கதைகளின் தலைவி வயலட் ஸ்ட்ரேஞ்ச், தந்தையால் ஒதுக்கப்பட்ட தமக்கைக்குப் பொருள் தேடவே மறைவாகத் துப்பறிகிறாள்.

கைம்மை, வறுமை, கணவரின் நோய், கணவரின் சிறை, தமக்கையின் துயர். ஒவ்வொருத்திக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அச்சாக்கு யாருக்காக? கதையில் வரும் குற்றவாளிக்காக அன்று. நூலைக் கையில் ஏந்திய வாசகருக்காகவே. கதவுத் துளையில் கண்வைத்துப் பார்ப்பதும், வேலைக்காரி வேடமிட்டுப் பிறர் வீட்டில் நுழைவதும், பொய் கூறுவதும் தகாத செயல்கள் என அவ்வாசகர் கருதுவார். ஆகவே குடும்பக் கடமை என்னும் போர்வையைத் தலைவியின் மேல் போர்த்தி ஆசிரியர்கள் அவளை அவையேற்றினர். அதே காலத்தில் வாழ்ந்த ஷெர்லாக் ஹோம்சிடம் இக்கேள்வியை எவரும் கேட்டதில்லை. அவர் துப்பறிவது அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணமாயிற்று.

வாசகர் கருத்தின் வலிமைக்கும் ஹோம்சே சான்று. 1893 டிசம்பரில் வெளியான கதையில் ஆர்தர் கோனன் டாயில் அவரை அருவியில் வீழ்த்தினார். வாசகர்கள் பொறுக்கவில்லை; தொடர்ந்து வற்புறுத்தினர். 1903இல் ஹோம்ஸ் உயிருடன் திரும்ப வேண்டியதாயிற்று. ஹோம்ஸ் வீழ்ந்த அதே ஆண்டில் அறிமுகமான லவ்டே புரூக்கோ ஏழு கதைகளோடு நின்றுபோனாள். இறந்த ஆணை எழுப்பிய வாசகர் உலகம், இறவாத பெண்ணை மறந்துவிட்டது.

இயலாத வேலை: 1928 முதல்

முதல் உலகப் போருக்குப் பின் பெண்கள் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பணிபுரிவது கண்ணுக்குப் பழகிய காட்சியாயிற்று. ‘தகாத’ என்னும் சொல்லின் கூர் மழுங்கியது. அதன் இடத்தில் ‘இயலாத’ வந்தது.

இவ்வகையில் குறிப்பிடத்தக்க வாசகர் ஒருவரின் கருத்து 1928இல் அச்சாகியுள்ளது. அவர் டாரத்தி எல். செயர்ஸ்; துப்பறியும் நாவலாசிரியர்; ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். தாம் தொகுத்த பெருந்தொகுப்பு ஒன்றின் முன்னுரையில், அதுவரை வந்த துப்பறியும் பெண்கள் பெருவெற்றி பெறவில்லை என்று அவர் எழுதினார். சிலர் எதனையும் ஆராயாமல் உள்ளுணர்வாலேயே விடை கண்டுவிடுவதால், ஆராய்ச்சியை விரும்பும் வாசகருக்கு எரிச்சல் உண்டாகிறது. வேறு சிலர் வேண்டாத ஆபத்தில் தாமே போய் விழுந்து, வேலை செய்ய வந்த ஆண்களுக்குத் தொல்லை தருகின்றனர். திருமண எண்ணமும் இடையில் புகுந்துவிடுகிறது என்பன அவர்தம் குறைகளின் சாரம். இது பெண்ணினத்தின்மீது வைத்த குறையன்று, பெண்ணைப் படைத்த முறையின்மீது வைத்த குறை என்பது ஊன்றிப் படிப்போர்க்கு விளங்கும்.

எனினும் அக்காலப் பொதுக்கருத்து அவ்வளவு நுட்பமாக இல்லை. 1930இல் லண்டனில் அமைந்த துப்பறியும் எழுத்தாளர் கழகத்தில் உறுப்பினராகச் சேர்வோர் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். தம் கதைகளில் குற்றத்தைத் துலக்க எவற்றையெல்லாம் பயன்படுத்தமாட்டோம் என்று அதில் கூறுவர். தெய்வ வெளிப்பாடு, மாயமந்திரம், தற்செயல் நிகழ்ச்சி முதலியவற்றின் வரிசையில் ‘பெண்ணின் உள்ளுணர்வு’ என்பதும் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. நகைச்சுவைக்காக அமைந்த உறுதிமொழிதான்; அதனை எடுத்தவர்களுள் செயர்சும் அகதா கிறிஸ்டியும் அடங்குவர். ஆயினும் ஒரு காலத்தின் நகைச்சுவை அக்காலத்தின் நம்பிக்கையைக் காட்டிக்கொடுக்கும். ஆணின் முடிவு ஆய்வால் வருவது, பெண்ணின் முடிவு எங்கிருந்தோ வருவது என்பதே அந்நம்பிக்கை.

இதற்கு எழுத்தாளர்கள் கண்ட வழி முதுமை. பாட்ரிசியா வென்ட்வொர்த் 1928இல் அறிமுகப்படுத்திய மிஸ் சில்வர் ஓய்வு பெற்ற வீட்டாசிரியை. கட்டணம் பெற்றுக்கொண்டு துப்பறியும் தனியார் துப்பறிவாளர். வாடிக்கையாளர் பேசும்போது கம்பளி நூலால் பின்னிக்கொண்டே கேட்பவர். முப்பத்திரண்டு நாவல்களில் அவர் இடம்பெற்றார். கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930இல் முதல் நாவலில் தோன்றினார். அவர் தொழிலாகத் துப்பறியவில்லை, ஊர் வம்பைக் கேட்டுக்கேட்டு மனித இயல்பை அறிந்தவர். வாசகர் இவ்விருவரையும் மனமார ஏற்றனர். ஏனெனில் நரைத்த தலையையும் பின்னல் ஊசியையும் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. இவரால் இயலாது என்று குற்றவாளி எண்ணுவதே இவருடைய கருவியாயிற்று. வாசகரின் ஐயத்தைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து, குற்றவாளியின் தலையில் கட்டிய திறம் போற்றத்தக்கது.

ஆனால் இளம்பெண் ஒருத்தி, தன் பெயரில், தன் பிழைப்புக்காக, சாக்கு எதுவும் கூறாமல் துப்பறியும் கதை பரவலாக ஏற்கப்படுவதற்குக் காலம் இன்னும் கனியவில்லை.

பொருந்தாத வேலை: 1972

பி.டி. ஜேம்ஸ் 1920இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர். மருத்துவரான அவர் கணவர் போரிலிருந்து மனநோயுடன் திரும்பினார், 1964இல் மறைந்தார். இரு மகள்களை வளர்க்கும் பொறுப்பு ஜேம்சிடமே இருந்தது. மருத்துவமனை நிருவாகத்திலும், 1968 முதல் உள்துறை அமைச்சிலும் பணியாற்றிக்கொண்டே, காலையில் அலுவலகம் செல்லுமுன் எழுதினார். முதல் நாவல் 1962இல் வந்தது. ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியும் கவிஞருமான ஆடம் டால்கிளீஷ் என்னும் பாத்திரம் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. அதன் பின்னரே 1972இல் கோர்டீலியா கிரேயைப் படைத்தார்.

கோர்டீலியாவின் தாய் அவள் பிறந்தவுடனே இறந்தார். தந்தை ஊர் ஊராக அலையும் இடதுசாரிக் கவிஞர். தவறுதலாகக் கிடைத்த கன்னிமாடப் பள்ளிக் கல்வி அவளுக்குக் கேம்பிரிட்ஜ் கனவைத் தந்தது. பதினாறு வயதில் தந்தை அழைத்துக்கொண்டதால் அக்கனவு கலைந்தது. படைத்தவரும் படைக்கப்பட்டவளும் ஒரே வயதில் பள்ளியைத் துறந்தவர்கள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கதை தொடங்கும் காலையில், லண்டன் அலுவலகத்திற்குச் சற்றுத் தாமதமாக வரும் கோர்டீலியா, தன் கூட்டாளி பெர்னி பிரைட் தற்கொலை செய்துகொண்டு கிடப்பதைக் காண்கிறாள். பெர்னி, டால்கிளீஷின் கீழ்ப் பணியாற்றி, பணியிழந்த முன்னாள் காவலர், தீரா நோயுற்றவர். நொடித்துப்போன நிலையத்தையும் உரிமம் இல்லாத கைத்துப்பாக்கியையும் அவளுக்கு விட்டுச் செல்கிறார். அக்கம்பக்கத்து மதுக்கூடத்தில் பரிமாறும் பெண்மணி பரிவோடு கூறுவதுதான் நாவலின் தலைப்பு: இனி வேறு வேலை தேடுவாய் அல்லவா, இது பெண்ணுக்கு ஏற்ற வேலை இல்லையே என்பது அவர் கருத்து. பின்னரும் இக்கருத்து வெவ்வேறு வாய்களிலிருந்து வருகிறது. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஒருவர் மட்டும் மாறாகக் கூறுகிறார்: அளவிறந்த ஆர்வமும் பொறுமையும், பிறர் செய்தியில் தலையிடும் விருப்பமும் வேண்டும் தொழில் என்றால், அது பெண்ணுக்கு மிகப் பொருத்தமானதே என்பது அவர் எள்ளல்.

அறிவியலறிஞர் ஒருவரின் மகன் கேம்பிரிட்ஜ் படிப்பை இடையில் விட்டுத் தோட்ட வேலைக்குச் சென்று, தூக்கில் தொங்கிய நிலையில் காணப்படுகிறான். காரணம் அறியுமாறு கோர்டீலியா அமர்த்தப்படுகிறாள். இறந்தவன் வாழ்ந்த குடிசையிலேயே தங்கி, அவன் விட்டுச்சென்ற பொருள்களைப் பார்த்து, நண்பர்களைக் கண்டு பேசி, கிணற்றில் தள்ளப்பட்டும் உயிர் தப்பி, உண்மையை அவள் எட்டுகிறாள். அவ்வுண்மை யாது என்பதை இன்னும் படியாதவர்க்காக மறைத்துவிடுகிறோம். ஒன்றை மட்டும் கூறுதல் வேண்டும். தான் கண்டதன் ஒரு பகுதியை அவள் சட்டத்திடமிருந்து மறைக்கிறாள். இறுதியில் டால்கிளீஷ் அவளை நெடுநேரம் வினவுகிறார், அவள் அசையவில்லை. ‘லியர் மன்னன்’ நாடகத்தில் தந்தை விரும்பிய சொல்லைக் கூற மறுத்த மகளின் பெயரை ஆசிரியர் இவளுக்கு வைத்தது வீணன்று.

இந்நாவலின் புதுமை யாது? கோர்டீலியாவுக்கு நோயுற்ற கணவர் இல்லை. சிறைப்பட்ட அண்ணன் இல்லை. நரைத்த தலையும் இல்லை. பெர்னிக்குக் கடமைப்பட்டிருக்கிறாள், இவ்வேலை அவளுக்குப் பிடித்தும் இருக்கிறது. 108 ஆண்டுகளாக வாசகருக்கு நீட்டப்பட்டு வந்த சாக்கை அவள் நீட்டவில்லை. பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் நிறைவேறியது 1975இல். நாவல் அதற்கு மூன்றாண்டு முந்தியது.

ஆதரவாளரின் அளவுகோல்

இனி, இந்நாவலைப் படித்தோர் கூறியவற்றைக் காண்போம். எதிர்ப்போர் கருத்தைவிட, விரும்பிப் படித்தோர் கருத்தே ஆராயத்தக்கது என்பது நம் துணிவு.

முதல் வகையினர் அவளுக்குத் திருமணம் செய்துவைக்க விரும்பியவர்கள். அடுத்து 1975இல் வந்த டால்கிளீஷ் நாவலில், மருத்துவமனையில் இருக்கும் அவருக்குக் கோர்டீலியா மலர்க்கொத்து அனுப்பியதாக ஒரு குறிப்பு வருகிறது. அவ்வளவே போதுமாயிற்று, இருவரும் மணப்பார்களா என்னும் கேள்வி எழுந்தது. 1977இல் ஜேம்ஸ் இக்கேள்வியையே தலைப்பாகக் கொண்டு, ஆடம் கோர்டீலியாவை மணக்க வேண்டுமா என்று ஒரு சிறு கட்டுரை எழுத நேர்ந்தது. அவர் மணம் முடித்துவைக்கவில்லை. டால்கிளீஷ் 2008இல் வந்த கடைசி நாவலில்தான் மணந்தார், மணமகள் வேறொருவர்.

இரண்டாம் வகையினர் பெண்ணுரிமை நோக்கில் படித்தவர்கள். காதலனோ கணவனோ இன்றி, முடிவில் அடுத்த வாடிக்கையாளரை எதிர்கொள்ளும் பெண்ணைக் கண்டு இவர்கள் மகிழ்ந்தனர். அதே வேளையில் குறையும் கண்டனர். அவள் கற்ற தொழில் பெர்னி வழியே வந்த டால்கிளீஷின் பாடம், இறுதியில் அவரே வந்து, தந்தை மகளிடம் கேட்பது போல் கேட்கிறார், அவள் அழுகிறாள், ஆகவே அவள் முழு விடுதலை பெற்றவள் அல்லள் என்றனர். 1982இல் வந்த இரண்டாம் நாவலில், அவள் நிலையம் காணாமற்போன வளர்ப்புப் பிராணிகளைத் தேடித் தருவதில் பிழைப்பு நடத்துவதைக் கண்டு இவர்களின் ஏமாற்றம் மிகுந்தது. 1988இல் கேத்லீன் கிரெகரி கிளைன் வெளியிட்ட ஆய்வு நூல், துப்பறியும் பெண்ணைப் படைப்போர் அவளைப் பெண்ணாகவோ துப்பறிவாளராகவோ ஏதேனும் ஒன்றில் தோற்கச் செய்கின்றனர் என்று வாதிட்டது. ஆழ்ந்து எண்ணத்தக்க வாதம்.

மூன்றாம் வகையினர் புதிய அளவுகோலோடு வந்தவர்கள். அதே 1982இல் அமெரிக்காவில் இருவர் தோன்றினர்: சாரா பரெட்ஸ்கியின் சிகாகோத் துப்பறிவாளர் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி, சூ கிராஃப்டன் படைத்த கலிஃபோர்னியத் துப்பறிவாளர் கின்சி மில்ஹோன். இருவரும் உரிமம் பெற்றவர்கள், துப்பாக்கி சுடுவர், அடிபடுவர், திருப்பி அடிப்பர். இவர்களைப் படித்த கண்ணுக்குக் கோர்டீலியா மென்மையானவளாகத் தோன்றினாள். வாசகர் கருத்து என்பது தானாக விளைவதன்று, மதிப்புரைகளால் வளர்க்கப்படுவது என்பதையும் பரெட்ஸ்கி உணர்ந்திருந்தார். அவர் முன்முயற்சியால் 1986இல் கூடிய பெண் எழுத்தாளர்கள் ‘சிஸ்டர்ஸ் இன் கிரைம்’ என்னும் அமைப்பை உருவாக்கினர். செய்தித்தாள்கள் ஆண்கள் எழுதிய குற்றப் புனைவுகள் எத்தனைக்கு மதிப்புரை வெளியிடுகின்றன, பெண்கள் எழுதியவை எத்தனைக்கு வெளியிடுகின்றன என்று எண்ணிக் கணக்கெடுப்பது அதன் தொடக்கப் பணிகளுள் ஒன்று. துப்பறியும் கதை எழுதுவோர் தம் துறையிலேயே துப்பறிந்தனர்.

பின்னர் 1997இல் நாவலின் பெயரிலேயே பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் வந்தது. கோர்டீலியாவாக நடித்த ஹெலன் பாக்சென்டேல் கருவுற்றபோது, பாத்திரத்தையும் மணமாகாமல் கருவுற்றவளாக மாற்றினர். இதில் தமக்கு உடன்பாடில்லை என்று ஜேம்ஸ் வெளிப்படையாகத் தெரிவித்தார். தாம் அறிந்த கோர்டீலியா அவள் அல்லள் என்பது அவர் நிலை. அதன்பின் அவளைக் கொண்டு அவர் நாவல் எதுவும் எழுதவில்லை. 2014இல் ஜேம்ஸ் மறைந்தபோது, கோர்டீலியாவின் பெயரில் இருந்தவை இரண்டே நாவல்கள்.

எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. மணம் செய்துவைக்க விரும்பியவர், கொடியாக ஏந்த விரும்பியவர், இன்னும் வன்மை வேண்டும் என்றவர், கருவுறச் செய்தவர், அதனை ஏற்க மறுத்த ஆசிரியர் ஆகிய அனைவரும் அவளுக்கு எது பொருந்தும் என்பதைத் தாமே வரையறுத்தனர். மதுக்கூடப் பெண்மணியின் அளவுகோலே கைமாறிக் கைமாறி வந்தது. அவளை விரும்பியோர் அதனைக் கீழே வைக்கவில்லை. டால்கிளீஷ் கவிதை எழுதுவது காவலருக்குப் பொருந்துமா என்று கேட்டு அவரை எவரும் இவ்வாறு அலைக்கழிக்கவில்லை.

நான்காம் சொல்

1998இல் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் எழுதிய நாவலொன்றில், ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில், மா ரமோட்ஸ்வே என்னும் பெண், தந்தை விட்டுச்சென்ற கால்நடைகளை விற்றுத் துப்பறியும் நிலையம் தொடங்க முற்படுகிறாள். பெண்கள் துப்பறிய முடியுமா என்று வழக்கறிஞர் வினவுகிறார். என்ன நடக்கிறது என்பதை அறிந்திருப்பவர்கள் பெண்கள்தாமே என்னும் பொருள்பட விடையிறுத்து, அகதா கிறிஸ்டியைக் கேள்விப்பட்டதில்லையா என்றும் கேட்கிறாள். ஆண்டு மாறி, நாடு மாறி, கண்டமே மாறியும் கேள்வி மாறவில்லை.

இப்போது அவ்வம்மையார் கூறிய சொல்லுக்கு வருவோம். அவர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர். மூன்று மொழிபெயர்ப்புகளையும் பொறுமையாகக் கேட்டபின், “இப்படியெல்லாம் யார் சொன்னார்கள்? நான் வேலைக்குப் போகப் புறப்பட்டபோது, தகாது என்று ஒருவரும் சொல்லவில்லை. உன்னால் இயலாது என்றும் சொல்லவில்லை. ‘பொம்பளப் பிள்ளைக்கு இது சரிப்பட்டு வராது’ என்றுதான் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள்,” என்றார்.

சொற்பிறப்பும் வேற்றுமையும் ஆராய்ந்து பழகிய நாம், அதனைப் பேச்சுவழக்கு என்று கடந்து சென்றோம். பின்னர் நாவலை மீண்டும் படித்தபோது, அம்மையாரின் சொல்லே சரியானது என்பது விளங்கிற்று. ‘தகாது’ என்பவர் ஒழுக்கத்தைக் காரணம் காட்டுகிறார், அதனோடு வழக்காடலாம். ‘இயலாது’ என்பவர் ஆற்றலைக் காரணம் காட்டுகிறார், செய்துகாட்டி மறுக்கலாம். ‘பொருந்தாது’ என்பவரிடம் எதற்கு எது பொருந்தவில்லை என்று கேட்கலாம். ‘சரிப்பட்டு வராது’ என்னும் தொடரிலோ காரணமும் இல்லை, தீர்ப்பவரும் இல்லை. அது மழை வராது என்பது போன்ற இயற்கைச் செய்தியாக ஒலிக்கிறது. கூறுபவர் தம் கருத்தாக அன்றி, உலகத்தின் இயல்பாக அதனைக் கூறிவிட்டு நகர்கிறார். பரிவோடு கூறுவதால் எதிர்த்துப் பேசுவதும் நன்றிகெட்ட செயலாகிவிடுகிறது. மதுக்கூடப் பெண்மணி கூறியதும் இவ்வகைதான். காரணம் கூறாத சொல்லுக்கு மறுமொழி இல்லை. ஆகவேதான் கோர்டீலியா வாதிடவில்லை. அலுவலகத்திற்குத் திரும்பி, வேலையைத் தொடங்கினாள்.

மொழியைக் காப்போர் என்ற வகையில் நம் கடமையும் இங்கே உண்டு. தமிழில் ‘துப்பறிவாளர்’ என்னும் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘துப்பறிவாளர் வந்தார்’ என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்பதை அவ்வினைமுற்று காட்டாது. மொழி நமக்குத் தந்த நல்ல வாய்ப்பு இது. இருப்பினும் பெண்ணெனில் ‘பெண் துப்பறிவாளர்’ என்று அடைகொடுக்கவும், ஆணெனில் வாளா விடவும் பழகியுள்ளோம். வரலாற்றைக் கூற வேண்டிய இப்பொழிவில் நாமும் ‘துப்பறியும் பெண்’ என்றே பலகாலும் கூறினோம். பெண் என்பது செய்தியாக இருக்கும் இடத்தில் கூறுவோம். ஏனைய இடங்களில் துப்பறிவாளர் என்பதே அமையும்.

வாசகர் வட்டத்தின் குறிப்பேட்டில் அந்நாவலின் பெயரைத் தமிழில் எழுதிவைக்கும் பொறுப்பு நம்முடையது. முதலில் ‘பெண்ணுக்குப் பொருந்தாத வேலை’ என்று எழுதியிருந்தோம். அதனை அடித்துவிட்டு, ‘பெண்ணுக்குச் சரிப்பட்டு வராத வேலை’ என்று திருத்தினோம். அடுத்த கூட்டத்தில் அம்மையாரிடம் அதனைக் காட்டினோம். அவர் கண்ணாடியை அணிந்து ஒருமுறை படித்தார். “சரி, அடுத்த மாதம் எந்த நூல்?” என்று கேட்டார்.